குட்டையின் கடைசி போனுக்கு நான் சொன்ன பதில்

என் பெயரும் விலாசமும் மேலே எழுதப்பட்டுள்ளன. வயது அறுபத்திரண்டு. வானொலி நிலையத்துக்குப் பின்தெருவில், இரண்டாவது மாடியில் மனைவியுடன் குடியிருக்கிறேன். இருபத்துநாலு வருடம் செவ்வாய்க்கிழமைதோறும் வானொலியில் நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தியவன். அதில் நான் நெட்டை, இப்போது காணாமல் போயிருப்பவர் குட்டை. காவல் நிலையத்தில் அவர் அடையாளம் கேட்டதால் சொல்கிறேன், அவர் ஆறடி இருப்பார், நான் அவர் தோளுக்குத்தான் வருவேன். வானொலியில் யார் வந்து அளக்கப் போகிறார்கள் என்று வைத்த பெயர்.

நிகழ்ச்சிக்கு விஷயம் தேடி, சனிக்கிழமைதோறும் இருவரும் குதிரைப் பந்தயத்துக்குப் போவோம். "ஜெயிச்சா காசு, தோத்தா கதை. நமக்கு நஷ்டமே கிடையாதுண்ணே" என்பார் குட்டை. ஒருமுறை எங்கள் குதிரை முதலாவதாக வந்தது, ஆனால் ஓட்டியவர் பாதி வழியிலேயே விழுந்துவிட்டதால் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு வந்த செவ்வாயன்று அதை அப்படியே பேசினோம், ஊரே சிரித்தது.

நாலு மாதத்துக்கு முன் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு நான் பந்தய மைதானத்துப் பக்கம் போகவில்லை. அவர் போய்க்கொண்டுதான் இருந்தார். நிகழ்ச்சி மறுபடி வரும், அதற்குக் கதை சேர்க்கிறேன் என்றார். வராது என்று மேலாளர் என்னிடம் சொல்லியிருந்தார். பாவம், ஆசையைக் கெடுப்பானேன் என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சென்ற சனிக்கிழமை மாலை ஐந்தேகால் மணிக்கு அவர் மைதானத்திலிருந்து போன் செய்தார். "அண்ணே, பொண்ணு காலேஜுக்கு வெச்சிருந்ததையும் விட்டுட்டேன். வீட்டுக்கு எப்படிண்ணே போவேன்?" என்றார். "நடந்தே போ. அப்பவும் உன் குதிரையை முந்திடுவே" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. அவர் ஒரு வரி விட்டால் நான் ஒரு வரி போட வேண்டும், நடுவில் சத்தம் நிற்கக் கூடாது, அதுதான் எங்கள் தொழில். அந்த வரியே ஒரு காலத்தில் அவர் எழுதியதுதான். அவரும் சிரிக்க வேண்டிய அளவுக்குச் சிரித்துவிட்டு போனை வைத்தார்.

அதன் பிறகு அவர் வீட்டுக்கு வரவில்லை. ஞாயிறு காலை ஆற்றுப் பாலத்தில் கண்டெடுத்த செருப்பையும், அதன்மேல் கைக்குட்டையில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்த மூக்குக் கண்ணாடியையும் அவருடையவை என்று நான்தான் அடையாளம் காட்டினேன். மூன்று நாளாகப் படகில் தேடுகிறார்கள். அவர் மனைவி, "கடைசியா உங்ககிட்டதான் பேசியிருக்காரு. நீங்க என்னண்ணே சொன்னீங்க?" என்று கேட்டார். "வீட்டுக்குப் போகச் சொன்னேம்மா" என்றேன். சொன்னதிலிருந்து என் மனசு ஆறவில்லை.

மேலே உள்ளதைக் காவல் நிலைய எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். குதிரையை முந்துகிற இடம் வந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உடனே மன்னிப்புக் கேட்டார். அவர்மேல் தப்பில்லை, அது நல்ல வரி. இதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். யாரும் வற்புறுத்தாமல் நானாகச் சொன்ன இவை அத்தனையும் உண்மை.

ஒப்பம்.