நீலகபாலனின் வேலைக்காரன்

வாக்குமூலத்தை நானே எழுதிக் கொடுக்கிறேன் என்றதும் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் சிரித்தார். சிரிக்கட்டும். நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றவன் நான். என் கையெழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கும், ஆனால் ஓர் எழுத்தும் விட்டுப்போகாது.

என் பெயர் சுப்பராயன். ஒரகடம் பக்கத்தில் இரும்பு வார்க்கும் பவுண்டரியில் பதினோரு வருஷமாக மணல் கலக்கும் மெஷினில் வேலை. ஆள் உயரத்துக்கு ஒரு தொட்டி, அதற்குள் இரண்டு இரும்பு உருளை சுற்றும். ஷிப்டு முடிகிற நேரத்தில் ஒருவர் உள்ளே இறங்கி, ஒட்டின மணலைச் சுரண்ட வேண்டும். வெளியே நிற்கிறவனுக்கு உள்ளே ஆள் இருப்பது தெரியாது. எங்களில் முக்கால்வாசிப் பேருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் போர்டு மாட்டிப் பயனில்லை. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். இறங்குகிறவன் செருப்பைக் கழற்றி சுவிட்சுக்குக் கீழே விட்டுவிட்டு இறங்குவான். செருப்பு இருந்தால் சுவிட்சில் எவனும் கை வைக்க மாட்டான்.

டில்லிபாபு எங்கள் லைனில் இருந்தவன். எட்டாவது வரை படித்த மேதை. பஸ் ஸ்டாண்டுப் பழைய புத்தகக் கடையில் படக்கதைப் புத்தகங்கள் வாங்கி வருவான். எல்லாம் நீலகபாலன் என்கிற மந்திரவாதியின் கதைகள். சாப்பாட்டு நேரத்தில் படத்தைக் காட்டிக் காட்டிப் படிப்பான், பதினைந்து பேர் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள்.

அந்த நீலகபாலனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பூதத்தை அழைக்கத் தெரியும், திருப்பி அனுப்பத் தெரியாது. ஒவ்வொரு புத்தகத்திலும் அது பலி கேட்டு வரும்போது, கூட இருக்கிற ஒருவனைத் தள்ளிவிட்டுத் தப்பிப்பான். கடைசிப் பக்கத்தில் மழையில் உட்கார்ந்து குடித்துக்கொண்டே அழுவான். அந்த அழுகைக்காகவே எங்கள் ஆட்கள் அவனை நல்லவன் என்றார்கள். அடுத்த புத்தகத்தில் அடுத்தவனைத் தள்ளுவான்.

அவனுக்கு ஒரு வேலைக்காரன் உண்டு என்று டில்லிபாபு படிப்பான். வேலைக்காரன் பெயரும் சுப்பராயன். சாம்பல் கேட்டால் உப்பு கொண்டுவருவான். பூதத்தைப் பார்த்து வேட்டியை நனைப்பான். அவன் வருகிற இடமெல்லாம் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். "இன்னா நைனா, ஒன் ஆளு வந்துட்டான் பாரு" என்பான் டில்லிபாபு. நானும் சிரிப்பேன். பூதம் யாரைக் கொண்டுபோனாலும் அந்த வேலைக்காரனை மட்டும் நீலகபாலன் திரும்பி வந்து இழுத்துக்கொண்டு ஓடுவான். என் பெயர் அச்சுப் புத்தகத்தில் வருகிறது என்று என் மனைவி ஞானம்மாவிடம் சொல்லியிருந்தேன். அவள் தெருவில் நாலு பேரிடம் சொன்னாள்.

இந்த வருஷம் தை மாசம் வல்லத்தில், சர்ச் ஹாலில் ஃபெபி டீச்சர் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித்தர ஆரம்பித்தார். என் பெயரைக் கொடுத்ததே டில்லிபாபுதான். "கத்துக்கோ நைனா, நான் லீவு போட்டா நீயே படிச்சிக்கலாம்" என்றான்.

ஆறு மாசத்தில் படிக்க வந்துவிட்டது. அவனுடைய பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப்போய் மூன்று நாள் எழுத்துக் கூட்டிப் படித்தேன். வேலைக்காரன் வரவில்லை. பக்கம் ஏதோ கிழிந்திருக்கிறது என்று நினைத்து இன்னொன்றை எடுத்தேன். ஒன்பது புத்தகம் படித்தேன். நீலகபாலனுக்கு வேலைக்காரனே கிடையாது. நாலு வருஷம் என்னை உட்கார வைத்து, என் முகத்துக்கு நேரே, இல்லாத ஒரு முட்டாளைப் படித்திருக்கிறான். அது தெரியாத ஒரே ஆள் நான்.

கோபம் வரவில்லை. கோபப்படுகிற அளவுக்கு அவர்கள் யாரும் இல்லை.

ஆவணி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியான ஷிப்டு மாறுகிற நேரம். டில்லிபாபு நீலப் பட்டை வைத்த ரப்பர் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினான். நான் அதை எடுத்து என் துண்டில் சுற்றி பெஞ்சுக்குக் கீழே வைத்தேன். செய்தது அவ்வளவுதான்.

அடுத்த ஷிப்டு மாரி வந்தான். அவனுக்குக் கண் பார்வை மட்டம். வழக்கம்போல என்னைத்தான் கேட்டான்.

"கீழ செருப்பு கீதா நைனா?"

"இல்ல" என்றேன்.

அது பொய் இல்லை. அங்கே செருப்பு இல்லை. மாரி சுவிட்சைப் போட்டான். உலைச் சத்தத்தில் உள்ளே எழுந்தது எதுவும் கேட்கவில்லை. மணல் நிறம் மாறினபோதுதான் அவன் நிறுத்தினான்.

டில்லிபாபு செருப்பு விட மறந்தான் என்று சூப்பர்வைசர் கோதண்டராமன் எழுதிக் கொடுத்தார். பதினோரு வருஷத்தில் ஒருவன்கூட அதை மறந்ததில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. நீங்கள் மாரியைக் கொண்டுவந்து உட்கார வைத்தீர்கள். அவன் சோறு தின்னாமல் அழுகிறானாம். அவனுக்காக நான் வரவில்லை. நீலகபாலன் ஒரு புத்தகத்திலாவது 'தள்ளியது நான்தான்' என்று சொன்னானா? நான் சொல்கிறேன். அவனுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் ரிக்கார்டில் இருக்க வேண்டும். நான் அழவுமில்லை.

செருப்பு இதோ, அதே துண்டில் இருக்கிறது. கூடவே ஒரு புத்தகமும் வைக்கிறேன். அன்றைக்கு டில்லிபாபுவின் சாப்பாட்டுப் பையில் இருந்தது, இன்னும் எங்களுக்குப் படித்துக் காட்டாதது. கடைசிப் பக்கத்தில், மழையில் உட்கார்ந்திருக்கிற படத்துக்குக் கீழே பென்சிலால் எழுதி வைத்திருந்தான்: "எல்லாரும் ஓடிட்டாங்க. சுப்பராயன் மட்டும் போகல. விளக்கப் புடிச்சிக்கினு நிக்கிறான். அவனப் பாத்து பூதம் திரும்பிப் போயிடுது. இத நைனாவையே படிக்கச் சொல்லணும்."

அச்சில் இல்லாததைப் புத்தகத்தில் எழுதுவது தப்பு. ரப்பர் வாங்கி வந்து அழித்துவிட்டேன். அழிக்கும்போது அந்த இடத்தில் தாள் கொஞ்சம் கிழிந்துவிட்டது. அது மட்டும் என் தப்பு.