வலப்பக்கத்து வாப்பா

ஷேக்: ...அதத்தான் சொல்லுதேன் டாக்டரம்மா. எம் புள்ளைக்குக் கழுத்துல ஒண்ணும் இல்ல. அது பாசம்.

ப்ரீதி: பாசமா?

ஷேக்: ரெண்டரை மாசமா என்னைய மட்டுந்தான் பாக்கும். படுத்தா எம் பக்கம், முழிச்சா எம் பக்கம். இவ அந்தப் பக்கம் கெடந்து இன்ஷா, இன்ஷான்னு கூப்புடுவா. திரும்பவே திரும்பாது.

மைமூன்: ஆரம்பிச்சாச்சு.

ஷேக்: உள்ளதத்தானே சொல்லுதேன்.

மைமூன்: யாருட்ட நீங்க சொல்லாம விட்டிய? ஊருக்கு எஸ்டிடி போட்டுச் சொல்லியாச்சு. கோர்படி ரயில்வே கேட்ல டீ குடிக்க வர்ற அத்தன பேருட்டயும் சொல்லியாச்சு. ரயிலுக்கு கேட்ட மூடிட்டா போதும் டாக்டரம்மா, நிக்கிற வண்டிக்காரன்ட்ட எல்லாம் போய்ச் சொல்லிட்டு வருவாங்க இவங்க.

ப்ரீதி: நான் டாக்டர் இல்லை, பிசியோ. ப்ரீதின்னே கூப்பிடுங்க. அந்த டீக்கடை உங்களுதா? நான் அங்கதான், ரயில்வே காலனியில வளந்தது. அதான் என் தமிழ் இப்படி... தோடா தோடா, கொஞ்சம் கொஞ்சம்.

ஷேக்: நல்லாத்தான் இருக்கு. எங்க மாமியா பேசுத இந்திக்கு இது எவ்வளவோ தேவல.

மைமூன்: எங்க உம்மாவ எதுக்கு இப்ப இழுக்கிய?

ப்ரீதி: சரி, சரி. இன்ஷாக்கு மூணரை மாசம்னு எழுதியிருக்கு. ரெண்டரை மாசமா உங்களைப் பாக்குறா. அதுக்கு முன்னாடி யாரைப் பாத்தா அண்ணா?

ஷேக்: அதுக்கு முன்ன... புள்ளைக்கு வெவரம் பத்தாது.

ப்ரீதி: ம். யார் அனுப்பினாங்க இங்க?

மைமூன்: தடுப்பூசி போடுத டாக்டரு. கழுத்தத் திருப்பிப் பாத்துட்டு, ஒடனே போங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்தாரு.

ஷேக்: அவருக்குக் கல்யாணம் ஆகல. பாசம் எல்லாம் தெரியாது.

ப்ரீதி: தொப்பி எடுக்கலாமா?

மைமூன்: ...எடுங்க.

ப்ரீதி: மே மாசம், இந்த வெயில்ல உல்லன் தொப்பி ஏன்?

மைமூன்: அது... காத்து அடிக்கும்லா.

ப்ரீதி: பின்னாடி பாருங்க. வலது பக்கம், இங்க. கை வைங்க அண்ணா.

ஷேக்: ...சப்பையா இருக்கு.

ப்ரீதி: ஒரே பக்கம் படுத்துப் படுத்து. மேலேர்ந்து பாருங்க, இந்தக் காது கூட கொஞ்சம் முன்னாடி வந்திருக்கு.

ஷேக்: நான் பாக்கவே இல்லையே. மைமூன், நீ பாத்தியா?

மைமூன்: குளிப்பாட்டுதவளுக்குத் தெரியாதா?

ஷேக்: அதுக்குத்தான் தொப்பியா?

மைமூன்: யாராவது எதாவது சொல்லிட்டா என்ன செய்ய? கீழ்வீட்டு மராட்டிக்கார அக்கா சொன்னாங்கன்னு, கடுகு அடைச்சு ஒரு தலகாணி கூட தச்சேன். தல உருண்டையா வருமாம்.

ஷேக்: நான் வாங்கியாந்த ரெண்டு கிலோ கடுகா? ஊறுகாய்க்குன்னு சொன்னியே.

மைமூன்: எப்பப் போடப்போறேன்னு சொன்னேனா?

ப்ரீதி: இவ்ளோ சின்னப் பாப்பாக்கு தலகாணியே வேணாம். அந்தக் கடுகை தாளிச்சிடுங்க. இப்ப கழுத்து. இடது பக்கம் மெதுவா தொடுங்க. கயிறு மாதிரி ஒண்ணு இருக்கா?

ஷேக்: ஆமா... இருக்கு.

ப்ரீதி: அந்தத் தசை இறுகிப் போச்சு. அது இழுக்குது. அதனால தலை இடது பக்கம் சாயும், மூஞ்சி வலது பக்கம் திரும்பும். வயித்துக்குள்ள இடம் பத்தாம சில பாப்பாக்கு இப்படி ஆகும். யார் தப்பும் இல்லை.

ஷேக்: அப்ப இடது பக்கம் திரும்பவே முடியாதா புள்ளைக்கு?

ப்ரீதி: முடியாதுன்னு இல்லை. கஷ்டம்.

மைமூன்: வலிக்குமா?

ப்ரீதி: சும்மா படுத்திருக்கும்போது வலி இல்லை. காபரா ஆகாதீங்க, பயம் வேணாம். சின்னதுல கொண்டு வந்துட்டீங்க. தினம் நான் சொல்ற மாதிரி பண்ணினா தசை இளகும். ரெண்டு பக்கமும் படுக்க ஆரம்பிச்சா தலையும் நல்லா வரும்.

மைமூன்: நெசமாவா?

ப்ரீதி: நெசமா. நிறைய பாப்பா பாத்திருக்கேன்.

மைமூன்: அல்ஹம்துலில்லாஹ். பதினஞ்சு நாளா எனக்குச் சோறு எறங்கல.

ஷேக்: ஒரு நிமிசம். வலது பக்கந்தான் பாக்கும்னு சொன்னீங்க. யாரு படுத்திருந்தாலுமா?

ப்ரீதி: அது...

ஷேக்: சொல்லுங்க.

ப்ரீதி: அந்தப் பக்கம் சுவர் இருந்தா சுவரைப் பாக்கும் அண்ணா.

ஷேக்: சுவரையா?

மைமூன்: மச்சான், விடுங்க.

ஷேக்: ஊரு பூரா சொல்லிட்டேனே.

ப்ரீதி: இங்க வாங்க, இடது பக்கம் உக்காருங்க. இனிமே பாப்பாக்குப் பிடிச்சது எல்லாம் இடதுலதான் இருக்கணும். கிலுகிலுப்பை, பொம்மை, வாப்பா... எல்லாம். கூப்பிடுங்க.

ஷேக்: இன்ஷா... ஏ இன்ஷாக்குட்டி... வாப்பா இங்கன இருக்கேன்...

மைமூன்: திரும்பல.

ஷேக்: எனக்கும் கண்ணு இருக்கு.

ப்ரீதி: இன்னும் குனிங்க. கடையில எப்படி கூவுவீங்க?

ஷேக்: இங்கயா?

ப்ரீதி: இங்கதான்.

ஷேக்: ...சாய்... ஏ சாய்... இஞ்சி சாய், ஏலக்கா சாய்... ஏக் கட்டிங், தோ கட்டிங்...

மைமூன்: வெளிய உக்காந்திருக்கவங்க ஆர்டர் குடுத்துருவாங்க மச்சான்.

ஷேக்: பேசாம இரு. கண்ணு உருளுது பாரு. சாய்... கரம் சாய்...

ப்ரீதி: வருது. நிறுத்தாதீங்க. தோள் நான் பிடிச்சுக்குறேன்.

ஷேக்: சாய்... எந் தங்கம்... இஞ்சி சாய்...

மைமூன்: திரும்புது. யா அல்லா, திரும்புது மச்சான்.

ப்ரீதி: பாதி தூரம். மொதல் நாளைக்கு இது பக்கா.

ஷேக்: சிரிக்குது. இங்கன பாத்து சிரிக்குது.

மைமூன்: கண்ணத் தொடைங்க. அவங்க பாக்காங்க.

ப்ரீதி: நான் ஒண்ணும் பாக்கலை. இப்ப கேளுங்க. இப்படி தோளைப் பிடிச்சு, தாடையை மெல்ல இடது பக்கம். முப்பது எண்ணணும். அப்புறம் வலது காது வலது தோளுக்கு. அதுக்கும் முப்பது. பாப்பா அழுதா விட்டுடுங்க. முழிச்சிருக்கும்போது கொஞ்ச நேரம் குப்புறப் போடுங்க, பக்கத்துலயே இருங்க. வீட்டுல படுக்குறது எப்படி? யார் எந்தப் பக்கம்?

ஷேக்: நான் கதவுப் பக்கம். அதாவது... வலது.

மைமூன்: மொதல்ல அப்படி இல்ல. மொத மாசம் இவங்கதான் சுவர்ப் பக்கம். நாலு மணிக்குக் கட தொறக்கப் போறப்ப தாண்டிப் போனா புள்ள முழிச்சிரும்னு மாத்திக்கிட்டாங்க.

ஷேக்: அது...

மைமூன்: என்ன அது?

ஷேக்: கடைக்காக இல்ல.

மைமூன்: பெறகு?

ஷேக்: மொத மாசம் பூரா உன்னையேதான் பாத்துச்சு. நான் கெடந்து கொஞ்சுதேன், கெஞ்சுதேன்... முதுகுதான். எனக்குத் தாங்கல மைமூன். ஒருநாள் நீ அடுப்படியில இருந்தப்ப உன் எடத்துல படுத்துப் பாத்தேன். பளிச்சுன்னு மூஞ்சியப் பாத்துச்சு. மறுநாளே கட, நாலு மணின்னு ஒரு கதைய விட்டேன். அப்பவே ஒரு சந்தேகம் தட்டுச்சு. பாசம்னு சொல்லி அமுக்கிட்டேன். அன்னைக்கே உங்கிட்ட சொல்லியிருந்தா, அப்பவே இங்கன வந்திருக்கலாம்லா?

ப்ரீதி: லேட் எல்லாம் ஆகலை அண்ணா.

ஷேக்: இல்லம்மா. உம்மாட்டருந்து புள்ளையப் பறிச்சுட்டு, பெருமை வேற பேசிருக்கேன். மைமூன்... ஏதாவது சொல்லு. ஏசவாவது செய்யி.

மைமூன்: என்னத்தச் சொல்ல? நீங்க சைக்கிள எடுத்துட்டு அந்தப் பக்கம் போனதும், நான் இந்தப் பக்கம் வந்து உங்க எடத்துல படுத்துக்குவேன். விடியுத மட்டும் என்னையேதான் பாத்துட்டு கெடக்கும். பக்கந்தான் காரணம்னு எனக்கு எப்பவோ தெரியும் மச்சான்... இம்புட்டு சந்தோசமா இருக்க மனுசன்ட்ட அத எப்படிச் சொல்லன்னுதான் வாய் வரல.