நாற்பத்திரண்டு டிகிரி

செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பதினாறு வருடம் விடுமுறை நாளிலும் ஆய்வகத்துக்குப் போய், கண்ணாடித் தட்டுகளில் வளரும் அவற்றுக்கு உணவுத் திரவம் மாற்றியவள் நான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

மூளைச் செல்லுக்குள் மெல்லிய புரத இழைகள் உண்டு. செல்லைத் தாங்கி நிறுத்தும் எலும்புக்கூடு அவைதான். கடும் சூடு பட்டால் இழைகள் குலைந்து கட்டிதட்டிவிடும். ஆனால் முந்தின நாள் ஒரு மணி நேரம் நாற்பத்திரண்டு டிகிரியில் வைத்திருந்தால், செல் சின்னச் சின்னக் காவல் புரதங்களைத் தயாரித்துக்கொள்ளும். அவை இழைகளோடு ஒட்டிக்கொண்டு குலைய விடாமல் காக்கும். எங்கள் ஆய்வகத்தில் இதைப் படமெடுத்தவள் நான்.

கட்டுரை வெளிவந்தபோது ஆய்வகத் தலைவரான சாரின் பெயரும் அவர் மருமகன் பெயரும் மட்டும் இருந்தன. கேட்டேன்.

“தட்டு கழுவுறவங்க பேரையெல்லாம் போட்டா பக்கம் பத்தாதும்மா.”

சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்து அவர் மறதி நோய்க்கென்று ஒரு மருந்தைப் பிடித்துக்கொண்டார். சூடே இல்லாமல் அந்தப் புரதங்களை வரவழைக்குமாம். முதல் சோதனையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, வரவழைக்கவில்லை. அன்றிலிருந்து சாருக்குத் தெரியாமல், மருந்து விட்ட தட்டுகளை மட்டும் முந்தின நாளே நாற்பத்திரண்டில் வைத்தேன். படங்களில் இழைகள் தலைவாரிவிட்டதுபோல் நின்றன. அவர் புகழில் ஏறட்டும், பிறகு உண்மையைச் சொல்லி ஊர் பார்க்க இறக்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். கருத்தரங்கில் சொல்ல நினைத்தேன். பிறகு, விருது வரட்டும் என்று. அதற்குள் மருந்து நோயாளிகளிடம் போய்விட்டது.

ஒன்பது பேர். ஒருத்தி என் அக்கா. மறதி நோய் தொடங்கியிருந்தது. சோதனையில் சேர, பழைய மாத்திரையை நிறுத்த வேண்டும். அத்தான் தயங்கினார். அக்கா படிவத்தை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“உன் கை பட்ட மருந்துடி. வெறும் தண்ணியா இருந்தாலும் குடிப்பேன். கையெழுத்துப் போடட்டுமா?”

மேசைக்கு அந்தப் பக்கம் சார் பேனாவைத் திறந்து நீட்டியபடி இருந்தார். சொல்ல நேரம் இருந்தது. அன்று சொல்லியிருந்தால் பாதி உயரத்திலேயே தப்பித்திருப்பார்.

“போடுக்கா” என்றேன்.

நான்காம் மாதம் பகலில் வீட்டைவிட்டு இறங்கியவள், வழி தெரியாமல் நெடுஞ்சாலை நடுவில் போய் நின்றாள். லாரிக்காரர் மேல் தப்பில்லை.

கொன்றது நானா என்று கேட்கிறீர்கள். நான் தட்டுகளைச் சூடாக்கினேன், அவ்வளவுதான். மருந்து அவருடையது. கையெழுத்து அக்காவுடையது.

ஆனால் அந்தப் படங்கள் முழுக்க என் வேலை. நீங்கள் எழுதுவதில் சாரின் பெயருக்கு முன்னால் என் பெயர் இருக்க வேண்டும்.