மாத்திரையால வந்த நீலம்

— உட்காருங்க மச்சான். இந்த நாற்காலி ஆடும், அதுல உட்காருங்க. டாக்டர் என்னதான் சொன்னார்? கட்டின புருஷன் நான் வெளிய நிக்கறேன், அண்ணனை மட்டும் உள்ள கூப்பிடறார்.

— வலது பக்கம் அசையல மாப்பிள்ளை. வாய் கோணியிருக்கு. பேச்சு திரும்ப வருமா வராதான்னு இப்ப சொல்ல முடியாதாம்.

— பல் தேய்ச்சுட்டு இருந்தா. அப்படியே சரிஞ்சா. நான்தான் தாங்கிப் பிடிச்சேன். பாவி மகளுக்கு ஏன் இப்படி எழுதியிருக்கோ.

— மூளையில வெச்ச அந்தக் குழாய் அடைச்சிடுச்சாம். அது என்ன ஏதுன்னே எனக்கு இன்னும் சரியா புரியல.

— நான் சொல்றேன் கேளுங்க. ரத்தக்குழாய்ல ஒரு இடம் பலூன் மாதிரி புடைச்சு நின்னுச்சா? வெடிச்சா ஆள் காலி. அதனால தொடை வழியா கம்பியை விட்டு, புடைப்போட வாயை மறைக்கிற மாதிரி ஒரு வலைக்குழாயை உள்ள பொருத்தினாங்க. டீ வடிகட்டி மாதிரி நெருக்கமான வலை. ரத்தம் புடைப்புப் பக்கம் திரும்பாம நேரா போயிடும். புடைப்பு கொஞ்சம் கொஞ்சமா உறைஞ்சு சுருங்கிடும்.

— நல்லாத்தானே இருக்கு. அப்புறம் ஏன் அடைச்சுது?

— வலை மேல சதை வளர்ந்து மூட மாசக்கணக்கா ஆகும். அது வரைக்கும் வலையிலயே ரத்தம் உறையலாம். உறையாம இருக்கத்தான் மாத்திரை. ஒரு வேளை கூட விடக்கூடாது. மாடி வீட்டுக்காரங்க, அவ ஆபீஸ்ல இருக்கறவங்க, எல்லாருக்கும் இதை விளக்கி விளக்கி என் தொண்டை வத்திப்போச்சு.

— அவங்களுக்கு எதுக்கு விளக்கணும்?

— அவ உடம்புல வர்ற நீலத் திட்டுக்குத்தான். அந்த மாத்திரை சாப்பிட்டா லேசா இடிச்சாலே ரத்தம் கட்டிக்கும். தோள்ல பை மாட்டினா போதும். ஊர் வாயை மூட முடியுமா? நீங்களே ஒரு தடவை என்னை ஒரு மாதிரி பார்த்தீங்க.

— பார்த்தேன். உடனே டாக்டருக்கே போன் போட்டு என் கையில குடுத்தீங்க.

— அவர் என்ன சொன்னார்?

— மாத்திரைக்கு அப்படித்தான் வரும்னார். நானும் அவகிட்ட, 'எல்லாம் மாத்திரைதாம்மா, வீட்டுக்காரரைத் தப்பா பேசாதே'ன்னு அதட்டிட்டு வந்தேன்.

— அங்கதான் நீங்க பெரிய மனுஷன்.

— இப்ப போர்வையை விலக்கிப் பார்த்தேன். இடது கையில நாலு திட்டு வரிசையா இருக்கு. உள்பக்கம் ஒண்ணு.

— காலைல தாங்கிப் பிடிச்சேன்னு சொன்னேனே. விரல் பட்டாலே பதிஞ்சிரும்.

— அது பழசு. மஞ்சளா மாறிடுச்சு.

— அப்போ படி இறங்கும்போது பிடிச்சிருப்பேன். மாத்திரை மச்சான், எல்லாம் மாத்திரை.

— முதுகுலயும் இருக்கு.

— நாற்காலில சாய்ஞ்சிருப்பா. நான் சொல்றேன் கேளுங்க, இந்த வியாதியைப் பத்தி எனக்குத் தெரியாதது இல்ல.

— ரத்தம் எடுத்துச் சோதிச்சிருக்காங்க. மாத்திரை வேலை செஞ்ச அடையாளமே இல்லையாம். சாப்பிடவே இல்லைங்கறார் டாக்டர்.

— பார்த்தீங்களா. பார்த்தீங்களா மச்சான். தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டா. நான் கரடியா கத்தினேன், மாத்திரையை விடாதே விடாதேன்னு. அவ திமிருக்கு நான் என்ன பண்ண முடியும்? நாளைக்கு யாராவது வாயைத் திறந்தா நீங்கதான் சாட்சி, என் மேல ஒரு தப்பும் இல்ல. எத்தனை நாளா விட்டிருக்கா?

— மூணு வாரமா.

— மூணு வாரம். நெஞ்சழுத்தத்தைப் பாருங்க. தினமும் என் முன்னாடி தண்ணியைக் குடிச்சுக் காட்டுவா.

— மூணு வாரமா மாத்திரை இல்ல. அப்போ கையில இருக்கற திட்டு எதனால மாப்பிள்ளை?

— அது... இருங்க. ரத்தத்துல நாள் கணக்கெல்லாம் தெரியாதே. மூணு வாரம்னு உங்களுக்கு யார் சொன்னா? அவளுக்குத்தான் பேச்சே வரலையே.

— நேத்து சாயங்காலம் வந்துச்சு மாப்பிள்ளை. போன் பண்ணினா. 'மூணு வாரமா மாத்திரையை நிறுத்திப் பார்த்துட்டேன் அண்ணா, நீலத் திட்டு நிக்கல, இப்பவாவது என்னை நம்புவியா'ன்னு கேட்டா.