பதினேழாம் பிரிவின் கடைசி வரி

கடிதம் என்றால் நாலு வரியில் முடிந்துவிட வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு மேல் நீண்டால் எழுதுகிறவர் எதையோ மறைக்கிறார், அல்லது எதையோ கேட்கப் போகிறார். இந்த வாக்குமூலம் நாலு வரியைத் தாண்டும். அதற்கு முதலிலேயே வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். விசாரணைக் குழுவின் தலைவி, "உங்க வார்த்தையிலயே, அவசரமில்லாம எழுதுங்க மிஸ்டர் ஹெஸ்கெத்" என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மையார் சொன்னபடியே எழுதுகிறேன்.

முப்பத்தொரு வருடம் லண்டனில் ஒரே அமைச்சகத்தில் மசோதாக்களைக் கட்டி மேய்த்தேன். அமைச்சர்கள் வந்தார்கள், போனார்கள். சிலருக்குத் தாங்கள் எந்தத் துறைக்கு அமைச்சர் என்பது பிடிபடுவதற்குள் பதவி போய்விடும். எந்த மசோதா எந்த அறையில் சிக்கிக் கிடக்கிறது என்று தெரிந்த ஆள் நான் ஒருவன்தான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சட்டம் மன்னரின் சொந்த நிலத்தைத் தொடும் என்றால், நாடாளுமன்றம் அதை நிறைவேற்றும் முன் அவருடைய சம்மதத்தைப் பெற வேண்டும். அரண்மனை வழக்கறிஞருக்கு மசோதாவை அனுப்பிவிட்டுப் பதினான்கு நாள் காத்திருப்போம். பதில் வந்ததும், கடைசி விவாதத்தன்று சபையில் ஒரு மூத்த அமைச்சர் தலையை ஆட்டுவார். மன்னர் சம்மதித்துவிட்டார் என்று அர்த்தம். என்ன கேட்டார்கள், என்ன மாறியது என்று யாரும் விசாரிப்பதில்லை. தேர்தலில் ஜெயித்து வந்த அறுநூற்றுச் சொச்சம் பேர் அந்தத் தலையாட்டலுக்காகக் காத்திருப்பதைப் பார்க்க எனக்கு எப்போதும் பிடிக்கும்.

என் காலத்தில் என் மேசைக்கு ஒரு மறுப்புகூட வந்ததில்லை. அதனால் இதெல்லாம் வெறும் சடங்கு என்று பேராசிரியர்கள் எழுதுகிறார்கள். பாவம், அவர்களுக்கு விஷயம் தெரியாது. மறுக்கும்படியான எதையும் நான் அனுப்பியதில்லை என்பதுதான் காரணம். அரண்மனைக்கு எது உறுத்தும் என்று முன்கூட்டியே யோசித்து, நானே எடுத்துவிட்டுத்தான் அனுப்புவேன். அவர்களை வாய்திறந்து கேட்கவைப்பது மரியாதைக் குறைவு.

இனி அந்த மசோதாவுக்கு வருகிறேன். வாடகை வீடுகளில் விறகும் நிலக்கரியும் எரிக்கும் கணப்புகளைப் பற்றியது அது. புகைபோக்கி அடைத்துக்கொண்டால் நிறமும் வாசனையும் இல்லாத ஒரு விஷவாயு வீட்டுக்குள் தங்கிவிடும். வருடத்துக்கு ஒரு முறை ஆய்வாளர் வந்து பார்த்து, பழுது இருந்தால் சரிசெய்யச் சொல்லி வீட்டுக்காரருக்கு உத்தரவு போட வேண்டும் என்பது பதினேழாம் பிரிவு. நல்ல சட்டம். அதை எழுதிய எங்கள் அலுவலகப் பெண்ணை நானே பாராட்டினேன். பிறகு அந்த ஆய்வாளரை மனக்கண்ணால் பார்த்தேன். சேற்றுக் காலணியோடு, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, மன்னரின் நிலத்தில் நின்று சாவி கேட்கிறார். பிரிவின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: மன்னரின் சொந்த நிலத்தில் உள்ள வீடுகளுக்கு இது பொருந்தாது.

ஒரு வாரம் கழித்து பெத்தன் கார்த்வெயிட் தொலைபேசியில் கூப்பிட்டார். வடக்கே, ஹார்ஸ்கேல் என்ற இடத்தில் மன்னரின் வேட்டைக்காட்டைப் பார்த்துக்கொள்ளும் ஈவன் என்பவரின் மனைவி. வேலையோடு சேர்ந்து வரும் வீடு. வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். மசோதாவைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகையில் படித்துவிட்டுக் கூப்பிட்டிருந்தார்.

"எனக்கும் புள்ளைங்க ரெண்டு பேருக்கும் காலையில எந்திரிச்சா மண்டைய பொளக்குது சார். வெளிய போய் நின்னா சரியாயிடுது. மேனேஜருக்கு மூணு தடவ எழுதிட்டேன், அடுத்த வருஷம் பாக்கலாங்கறாரு. உங்க சட்டம் வந்தா ஆளு வந்து பாப்பாங்கல்ல?"

வரமாட்டார்கள் என்று பதமாக விளக்கினேன்.

"ராஜா வீட்டுப் புகைன்னா மூச்சுக்குள்ள போகாதா சார்?"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நல்ல நகைச்சுவை உணர்வுள்ள பெண். எங்கள் வீட்டைச் சட்டத்திலிருந்து விட்டுவிடச் சொன்னது யார் என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, அது வழக்கம் என்றேன். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். கோப்பில், 'நிலைமை விளக்கப்பட்டது' என்று குறித்தேன். அவர் கேட்ட கேள்வியை மறுநாள் அலுவலகத்தில் தேநீர் வேளையில் சொன்னபோது எல்லோரும் ரசித்தார்கள்.

அந்த மாதமே அரண்மனை வழக்கறிஞர் ராலன்ட் ஃபென்விக்கோடு மதியச் சாப்பாடு. இருபது வருடப் பழக்கம். இறைச்சியை முடித்துவிட்டு அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"பதினேழுல எங்கள ஏன் விட்டீங்க, கிளைவ்? நாங்க கேக்கலையே."

"உங்களுக்குச் சிரமம் வேணாம்னுதான்."

"ரொம்ப சந்தோஷம். ஆனா ஆய்வாளர் வந்தாலும் மன்னருக்கு ஆட்சேபணை இருந்திருக்காதுன்னு நெனைக்கிறேன்." வாயைத் துடைத்துக்கொண்டார். "சரி விடுங்க. நீங்க குடுத்தத நாங்க வேணாம்னா நல்லா இருக்காது."

கொடுத்ததை நான் திரும்பக் கேட்டாலும் நன்றாக இருக்காது. இரண்டு பேரும் ஆப்பிள் புட்டிங்கைச் சாப்பிட ஆரம்பித்தோம். விஷயம் முடிந்தது. பெத்தனைப் பற்றி நான் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் அடுத்தவர் தலைவலியைப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

கடைசி விவாதத்துக்கு இரண்டு நாள் முன்பு பெத்தனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சரியாக நாலு வரி. புகைபோக்கி சுத்தம் செய்கிறவர் கையெழுத்திட்ட ஒரு சீட்டையும் இணைத்திருந்தார்: உள்ளே செங்கல் இடிந்து விழுந்திருக்கிறது, இந்தக் கணப்பை மூட்டக் கூடாது. அந்த வீட்டில் வேறு கணப்பு கிடையாது. வெளியே உறைபனிக்காலம் தொடங்கியிருந்தது.

என் கையில் பென்சில் இருந்தது. அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தால் போதும். ஆனால் இழுத்தால் மசோதாவை மறுபடி அரண்மனைக்கு அனுப்ப வேண்டும். ஏன் மாற்றினீர்கள் என்று ராலன்ட் கேட்கமாட்டார். கேட்கமாட்டார் என்பதுதான் தாங்க முடியாதது. அவருடைய எசமானரின் வீட்டில் ஒரு குடும்பம் விஷத்தைச் சுவாசித்துக்கொண்டிருக்கிறது என்று நான் எழுத்தில் சொன்னதாக ஆகிவிடும். பென்சிலைக் கீழே வைத்தேன். கடிதத்தைக் கோப்பில் சேர்த்தேன். இரண்டு நாள் கழித்து நாடாளுமன்றத்துக்குப் போய் மேல்மாடத்தில் உட்கார்ந்தேன். அமைச்சர் தலையை ஆட்டினார். அழகாக ஆட்டினார்.

ஜனவரியில் ஒரு நாள், ஈவன் விடியுமுன் காட்டுக்கோழிகளுக்குத் தீனி போடப் போயிருந்தார். காலைச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தபோது மூன்று பேரும் படுக்கையிலேயே இருந்தார்கள். பெத்தன், பதினொரு வயது மகள், ஆறு வயது மகன். ஜன்னல்கள் மூடியிருந்தன. அந்தக் குளிரில் நானும் மூடித்தான் வைத்திருப்பேன்.

"யார் கேட்டு அந்த வரியச் சேத்தீங்க?" என்று விசாரணையில் குழுத் தலைவி அம்மையார் என்னிடம் மூன்று முறை கேட்டார். மன்னரோ ராலன்ட்டோ அமைச்சரோ என்று நான் சொல்வேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பின்வரிசையில் ஈவன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். யாரும் கேட்கவில்லை. வரியை எழுதியவன் நான். வீடு எங்கே இருக்கிறது என்று தெரியும். புகைபோக்கியின் நிலைமை தெரியும். குழந்தைகள் இருப்பது தெரியும். அந்த வரியை அடிக்க இரண்டு நாள் இருந்தும் அடிக்கவில்லை. அந்த மூன்று பேரையும் கொன்றது நான்தான். இதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

பத்திரிகைகள் என்னை அரண்மனை அடிமை என்று எழுதுவதை மட்டும் மறுக்கிறேன். அரண்மனை ஒரு தடவைகூட எனக்கு உத்தரவு போட்டதில்லை. முப்பத்தொரு வருடமும் நான் என் சொந்தப் புத்தியைக் கொண்டு, சுதந்திரமாகத்தான் வேலை செய்தேன்.

இந்த வாக்குமூலத்தைக்கூட, ஒரு மரியாதைக்காக, முதலில் ராலன்ட்டுக்கு அனுப்பினேன். சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. வாக்குமூலத்தின் முடிவில் ஈவன் கார்த்வெயிட்டிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு பத்தி எழுதியிருந்தேன். மன்னிப்பு என்று வந்தால் அநியாயம் நடந்தது என்று ஆகும். நடந்தது யாருடைய நிலத்தில் என்ற பேச்சு எழும். அந்தப் பத்தியை எடுக்கச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. நானே எடுத்துவிட்டேன்.