படகுத்துறை காலியான விதம்

கம்பெனி கைமாறியதில் எனக்குக் கிடைத்த முதல் நன்மை நல்ல நாற்காலி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு உங்கள் கம்பெனிமேல் ஏதோ கோபம் என்று நீங்கள் குறித்து வைத்திருப்பது தெரிகிறது. கோபமே இல்லை, மேடம். பழைய ஆபீசில் ஒன்பது பேருக்கு ஏழு நாற்காலி. தாமதமாக வருகிறவன் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்துதான் வேலை பார்க்க வேண்டும். நீங்கள் எங்களை வாங்கிய மறுவாரமே, முதுகுக்கு இதமாக ஆளுக்கொன்று வந்து இறங்கியது.

படகுத்துறை என்ற ஆன்லைன் விளையாட்டு ஏன் செத்தது என்று விசாரிக்க வந்திருக்கிறீர்கள். அதை ஒருமுறைகூட விளையாடியதில்லை என்றும் சொன்னீர்கள். பரவாயில்லை, வாங்கியவர்களே விளையாடியதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னத் தீவு. தக்காளி போடலாம், மீன் பிடிக்கலாம். விற்க வேண்டுமானால் துறைக்கு வந்து படகுக்குக் காத்திருந்து சந்தைக்குப் போக வேண்டும். அவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது என்று கேட்காதவர்கள் கிடையாது. ஆனாலும் தினமும் ஆறாயிரம் பேர் வந்துபோனார்கள். அவர்களுடைய புகார்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை.

நீங்கள் வந்ததும் எங்களில் பாதிப் பேரைத் துப்பாக்கி விளையாட்டுக்கு மாற்றினீர்கள். தாடி என்று நாங்கள் கூப்பிடும் புரோகிராமரும் போனான். போகும்போது பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்தான்.

"எல்லாம் ஒரே ஷீட்லதான் இருக்கு. படகு எத்தனை நிமிஷத்துக்கு ஒருதடவை வரணும், மழை எப்பப் பெய்யணும், எல்லாம். நீ எதையும் தொடாத வரைக்கும் அது தானா ஓடும்" என்றான்.

கடைசி வாக்கியத்தை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

உங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. தினமும் ஐயாயிரம் பேருக்குக் குறைவாக வரும் விளையாட்டுகள் மூடப்படும் என்று. எங்களுக்கு ஆயிரம் பேர்தான் கூடுதல். இன்றைக்கோ நாளைக்கோ என்ற இழுபறி யாருக்கும் நல்லதில்லை. போகப்போகிற விளையாட்டைச் சீக்கிரம் அனுப்பிவைப்பது ஆட்டக்காரர்களுக்குச் செய்யும் உதவி என்று எனக்குப் பட்டது. அப்படித்தான் ஆரம்பித்தேன்.

மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வந்த படகை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வரவைத்தேன். சலித்துப்போய் ஓடிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் துறையில் உட்கார்ந்து அரட்டையடிக்க ஆரம்பித்தார்கள். மழையை நிறுத்தினேன். தீவுக்குத் தீவு வரிசையாக நின்று வாளியில் தண்ணீர் கடத்தினார்கள். அந்த வாரம் எண்ணிக்கை நானூறு கூடியது. மீனைக் குறைத்தேன். யாரோ ஒருவருக்கு ஒரே ஒரு மீன் மாட்ட, இருநூறு பேர் அதனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட ஜனங்களை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்னதான் செய்வான், சொல்லுங்கள்.

பழி முழுவதும் உங்கள்மேல் விழுந்தது. அதற்கு வருந்துகிறேன். கம்பெனி கைமாறினால் விளையாட்டு கெட்டுப்போகும் என்று ஆட்டக்காரர்களுக்கு ஏற்கெனவே ஒரு நம்பிக்கை உண்டு. நான் அந்த நம்பிக்கையை வீணாக்கவில்லை, அவ்வளவுதான்.

அவர்கள் அசராமல் இருந்ததற்குக் காரணம் ஒரே ஆள். துறையில் அவளுக்குப் பெயர் மைக் அக்கா. 'பச்சைப் படகு இன்னும் பத்து நிமிடத்தில் வரும், சந்தைக்குப் போகிறவர்கள் இடப்பக்கம் வரவும், முண்டியடிக்க வேண்டாம்' என்று நாள் முழுவதும் எழுதிக்கொண்டே இருப்பாள். படகு தாமதமானதும், வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் சரக்கை அவள் தீவில் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். அவள் படகு வரும்போது ஒவ்வொன்றாக ஏற்றி அனுப்புவாள். முன்னூற்றுப் பன்னிரண்டு பேருடைய சரக்கு. ஒரு தக்காளி மாறியதில்லை.

இந்தக் கணக்கெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்கள். அவள் என் சொந்த அக்கா. நானும் அவளும்தான் வீட்டில்.

பத்தொன்பது வருஷம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் ஆபரேஷன். உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. வீட்டில் எதுவும் சொல்ல வேண்டுமென்றால் போனில் டைப் செய்து காட்டுவாள். 'சாப்டியா.' 'கேஸ் வந்துச்சா.' 'தள்ளி உக்காரு, ஸ்கிரீன் மறைக்குது.' எனக்கு ஒரு நாளைக்கு நாலு வரி. துறையில் நானூறு வரி. அங்கே குரல் இருப்பவன், இல்லாதவன் என்ற பேதம் இல்லையே. எல்லாரும் எழுதத்தான் வேண்டும். ஒருநாள் அவள் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். 'ஒண்ணுமில்ல, எங்க ஆளுங்க' என்று காட்டினாள். கொஞ்சம் வலித்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுக்கு என்மேல் சந்தேகமே வரவில்லை. 'டேய், எவனோ வேணும்னே கெடுக்கிறான். ஆனா நாங்க அசைய மாட்டோம். அவங்க சாமானெல்லாம் என்கிட்ட இருக்கிற வரைக்கும் யாரும் போக மாட்டாங்க' என்று ஒரு மாலை நீளமாக டைப் செய்து காட்டினாள். அந்த வருஷத்தில் என்னிடம் அவள் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை அவளுடைய கணக்கை முடக்கினேன். கணக்கோடு தீவும், தீவோடு அத்தனை பேர் சரக்கும் போயின. 'மற்றவர்களின் பொருட்களை அபகரித்ததற்காக நீக்கப்பட்டார்' என்று துறையில் பலகை வைத்தேன். அதற்குமேல் நான் ஒன்றும் செய்யவில்லை. மீதியை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். சரக்கை இழந்தவர்களில் பாதிப் பேர் நம்பினார்கள், பாதிப் பேர் நம்பவில்லை. ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிட்டார்கள். மழை நின்றபோது போகாதவர்கள் இப்போது போனார்கள். ஒன்பதே நாளில் எண்ணிக்கை நாலாயிரத்து நூறுக்கு இறங்கியது.

'நான் திருடலடா' என்று காட்டினாள்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றேன். அதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

'நீ அங்கதானே வேலை பாக்குற. நீயாவது சொல்லேன்.'

"மேலிடத்து முடிவுக்கா. நாம என்ன பண்றது. விடு, கேம்தானே."

அவள் விடவில்லை. கம்பெனிக்கு முறையீடு எழுதினாள். அது வேறு எங்கே போகும், என் மேசைக்குத்தான் வந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு பேரின் பெயரும், யார் யார் என்னென்ன வைத்திருந்தார்கள் என்பதும் வரிசையாக இருந்தன, எல்லாம் ஞாபகத்திலிருந்து. 'மதிப்பிற்குரிய ஆட்டக்காரரே, உங்கள் முறையீடு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. முடிவில் மாற்றமில்லை' என்று பதில் அனுப்பினேன். அதை அவள் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தாள். நான் குழம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

நீங்கள் கையில் வைத்திருக்கும் கோப்பிலிருந்து எடுக்கப்போகிற கடிதம் எது என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். சுற்றறிக்கை வந்த இரண்டாவது வாரம் உங்கள் அலுவலகம் எனக்குத் தனியாக எழுதியது. படகுத்துறைக்கு அந்த விதி பொருந்தாது, எத்தனை பேர் வந்தாலும் ஓடட்டும், எதையும் மாற்ற வேண்டாம் என்று. படித்தேன். அப்போது படகை மட்டும்தான் தாமதப்படுத்தியிருந்தேன். மழை, மீன், அக்கா எல்லாம் அதற்குப் பிறகு. மூடச் சொன்னவர் யாரும் இல்லை. எண்ணிக்கை ஐயாயிரத்துக்குக் கீழே இறங்கியதும் மூடியது நான்.

பழைய பிரதியை ஏற்றினால் தீவுகளும் அவளுடைய கணக்கும் அப்படியே திரும்பும் என்று தாடி உங்களிடம் சொல்லியிருப்பான். சரியாகத்தான் சொன்னான். மூன்று இடத்தில் பிரதி வைத்திருந்தான். நீங்கள் விசாரணைக்கு வருகிறீர்கள் என்று தெரிந்த அன்று மூன்றையும் அழித்துவிட்டேன். இனி யாராலும் திருப்ப முடியாது.

அவளுக்காகத்தான் என்பது உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். முகம் தெரியாதவர்களோடு எத்தனை நாள்தான் இருப்பாள். இப்போது கம்ப்யூட்டர் பக்கமே போவதில்லை, போனையும் கையில் எடுப்பதில்லை. நான் வேலை முடிந்து வந்தால் ஹாலில் எனக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். ஆபீசில் நடந்தது, வழியில் பார்த்தது எல்லாவற்றையும் சொல்கிறேன், எழுந்து போகாமல் கேட்கிறாள். எங்கள் வீட்டில் இவ்வளவு பேச்சு இருந்து மூன்று வருஷமாகிறது.