ஐந்தேகால் பேருந்துக்கு ஓர் அட்டவணை

அவைக்குத் தலைமை ஏற்று, என் கையிலிருக்கும் காகிதக் கட்டின் கனத்தையே கவலையோடு கவனித்துக்கொண்டிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா நாராயணப்பன் அவர்களே! வருகிறேன் என்று சொன்னதோடு நில்லாமல் வந்தும்விட்ட பேருந்துக் கிளை மேலாளர் சென்னகிருஷ்ணன் அவர்களே! முன்வரிசையில் முழங்காலைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் மூத்தோரே! முதல் ஷிப்ட் முடித்து, முகம்கூடக் கழுவாமல், கம்பெனிச் சீருடையோடு வந்திருக்கும் தாய்மார்களே! பந்தலுக்கு வெளியே பைக்கில் அமர்ந்து, பிடித்தால் கேட்போம், பிடிக்காவிட்டால் பறப்போம் என்று சாவியைக் கையிலேயே வைத்திருக்கும் இளைஞர்களே! நடுக்கொட்டாய் கிளை நூலகர் மாதவனின் நடுக்கத்தோடு கூடிய வணக்கம்!

எனக்குத் தந்த தலைப்பு, 'புள்ளிவிவரம்'. அதோ, இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள்! உட்காருங்கள் ஐயா, டீ நான் பேசி முடித்த பிறகுதான் வரும்.

ஆறு மாதங்களுக்கு முன் நம்மூர் மாதேஸ்வரி நூலகத்துக்கு வந்தார். போச்சம்பள்ளி தொழிற்பேட்டையில் அவருக்கு ஆறு மணி ஷிப்ட். கம்பெனி பஸ்ஸோ மெயின் ரோட்டோடு சரி. அதுவரை நான்கு கிலோமீட்டர் இருட்டில் நடை. மூன்று முறை தாமதமானால் வேலை போய்விடும். அவருக்கு இரண்டு முறை ஆகிவிட்டது. வந்தவர், "சார், பஸ் வர்றதுக்கு எதுனா புஸ்தகம் இருக்குதா?" என்றார்.

நான் என்ன செய்தேன்? அறிவாளி அல்லவா! பேருந்து எஞ்சின் பழுதுபார்ப்பது பற்றி ஒரு தடித்த நூலைத் தூசி தட்டிக் கொடுத்தேன். மறுநாளே திருப்பிக்கொண்டு வந்தார். "சார், இதுல பஸ்ஸக் கழட்டறது இருக்குது. எங்கூருக்கு வர்றது இல்லையே!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தவறு என்னுடையதுதான். கேட்டதைக் கொடுப்பவன் கடைக்காரன். எதற்காகக் கேட்கிறார் என்று கேட்பவன் அல்லவா நூலகன்? அன்றுதான் கேட்டேன். காலைப் பஸ் கேட்டு எழுதிய மனுவுக்கு வந்த பதில் கடிதத்தை நீட்டினார். 'ஊராட்சிக் கணக்கெடுப்பு அறிக்கைப்படி அவ்வூரில் ஆலைத் தொழிலாளர் எவரும் இல்லை. எனவே அதிகாலைப் பேருந்துக்குத் தேவை எழவில்லை.' கையெழுத்து, நம் மேலாளர் ஐயாவுடையது. தலை குனியாதீர்கள் ஐயா, அந்த அறிக்கையைத் தண்ணீர் கேனுக்கு அடியில் முட்டுக் கொடுத்து வைத்திருந்தவனே நான்தான்!

கேனை இறக்கினோம், அறிக்கையை எடுத்தோம், அட்டவணையை விரித்தோம். மாமரத் தோப்பு, இத்தனை ஏக்கர். ஆடுகள், ஆயிரத்து நூற்று நாற்பது. ஆலைக்குச் செல்வோர், சுழியம். மாதேஸ்வரி அந்த வரியில் விரலை வைத்தபடியே நின்றார். "ஆட்டக் கூட எண்ணியிருக்காங்க சார். என்னைய எண்ணலியா?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. ஆனால் அன்பர்களே, அட்டவணை என்றால் அடிக்குறிப்பையும் படிக்க வேண்டும். பொடி எழுத்தில் இருந்தது: 'விவரங்கள், குடும்பத்தார் கூறியபடி.' கூறியவர் யார்? கிருஷ்ணகிரிக்காரரா? கர்நாடகக்காரரா? நாம்தானே!

சரி, நாமே மறுபடி எண்ணுவோம் என்று நோட்டும் பேனாவுமாகப் புறப்பட்டோம். முதல் வீடு மாதேஸ்வரியின் வீடு. மாமியார் செல்லி அம்மாளிடம், "வீட்டில் என்ன தொழில்?" என்றேன்.

"வெவசாயம்."

"அத்த! யூனிபார்ம் போட்டுக்கிட்டு உங்க முன்னாடியே நிக்கிறேன்!"

"நீ பாட்டுக்கு நில்லு. நோட்டு எடுத்துக்கிட்டு வர்றவங்ககிட்ட வாயத் தொறக்காத. கம்பெனின்னா ரேஷன் அரிசிய நிறுத்திடுவாங்க."

அடுத்த வீட்டில் திம்மப்பன் கன்னடத்தில் சொன்னார், விவசாயம். அதற்கடுத்த வீட்டில் தெலுங்கில் சொன்னார்கள், விவசாயம். மும்மொழி பேசும் ஊரில் மூன்று மொழியிலும் ஒரே பதில்! ஆடுகளை மட்டும் ஏன் மறைக்கவில்லை? ஆட்டுக்குத் தடுப்பூசி போடுவார்களே! மாலையில் கூட்டிப் பார்த்தோம். அறுபத்திரண்டு வீடு, அறுபத்திரண்டும் உழவர் குடும்பம். ஆலைக்குச் செல்வோர், மீண்டும் சுழியம்!

தாய்மார்களே, இந்தக் கணக்குக்கும் ரேஷன் அட்டைக்கும் சம்பந்தமே இல்லை என்று தாலுகா அலுவலகத்தில் எழுத்திலேயே வாங்கி வந்திருக்கிறேன். இதோ! கணக்கில் இல்லாதவருக்குப் பேருந்து வருமா? தெருவிளக்கு வருமா? குழந்தைகள் காப்பகம் வருமா? மறைத்தோம், மறைந்தோம், மறக்கப்பட்டோம்! எண்ணிக்கை என்பது ஏட்டில் கிடக்கும் எழுத்தா? இல்லை! விடியுமுன் நடக்கும் உங்கள் கால்களின் வலி அது!

மேலாளர் ஐயாவை வாசிப்பின் பெருமை பேச அழைத்ததாகச் சொன்னேன். மன்னியுங்கள் ஐயா, எண்ணுவதற்காகத்தான் அழைத்தேன். ஆலைக்குப் போகும் தாய்மார்களே, எழுந்து நில்லுங்கள்!

என்ன, ஒருவரும் எழவில்லையா?

மாதேஸ்வரி எழுந்துவிட்டார். ஒன்று. ஒன்றுதானா? பக்கத்தில் யார், செல்லி அம்மாளா? நீங்கள் ஆலைக்குப் போகவில்லையே! மைக்கை அவரிடம் கொடுங்கள். "எம் மருமவ கம்பெனிக்குத்தான் போறா. நாலு மணிக்கு எழுந்து அவளுக்குச் சோறு கட்டறவ நானு. எழுதிக்கோங்க!"

எழுதுகிறேன் அம்மா, கண் கலங்கினாலும் எழுதுகிறேன்! அதோ இரண்டாம் வரிசை எழுகிறது. திம்மப்பன் மகள் காவேரி எழுகிறார். பின்வரிசை முழுக்க எழுகிறது. ஐயா, நீங்களே எண்ணுங்கள், விரல் விட்டு எண்ணுங்கள், நான் எண்ணினால் கூட்டிச் சொன்னதாக ஆகிவிடும்!

எவ்வளவு ஐயா? தொண்ணூற்று நான்கா! என்ன சொல்கிறீர்கள்? மைக்கில் சொல்லுங்கள்! "திங்கக்கிழமையில இருந்து ஒரு மாசம், காலைல அஞ்சேகாலுக்கு வண்டி விட்டுப் பாக்கறேன். இதே மாதிரி ஆள் ஏறணும்."

ஏறுவார்கள் ஐயா, இடமில்லை என்று நீங்கள் சொல்லும்வரை ஏறுவார்கள்! மாதேஸ்வரி, ஏனம்மா அழுகிறீர்கள்? உட்காருங்கள். நாளைக்கும் நாளன்றைக்கும் நடந்தால் போதும்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், சாவியைச் சட்டைப்பையில் போட்டுவிட்ட இளைஞர்க்கும், எழுந்து நின்ற தொண்ணூற்று நான்கு பேருக்கும், உட்கார்ந்திருக்க வேண்டியவராயினும் எழுந்து நின்ற ஒருவருக்கும் என் நன்றி. டீ வந்துவிட்டது. வணக்கம்!